ஆறாம் நம்பர் வண்டி

ரோஸி வீட்டில் இட்லித் தட்டு இரண்டு செட் உண்டு. ஒன்று இட்லிக்கு, இன்னொன்று கார்பரேட்டருக்கு. இரண்டாவது செட் குழியில் துளையில்லாத பழைய அலுமினியம். முதல் குழியில் பெட்ரோல் இறங்குகிற ஊசிக்கண் வைத்த மெயின் ஜெட், அடுத்ததில் பைலட் ஜெட், அதற்கடுத்து நீடில், பிறகு காற்று ஸ்க்ரூவும் அதன் பொடி ஸ்பிரிங்கும். வரிசை மாறாது. அடுப்பில் குக்கர் இருக்க, தரையில் செய்தித்தாளை விரித்து, தட்டை மடிக்கு நேரே வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தால் வீட்டில் யாரும் ஃபேனைப் போடக்கூடாது.

மகள் கிளாரா ஒருநாள் ஆபீஸ் போகிற அவசரத்தில் தட்டை மாற்றி எடுத்து மாவு ஊற்றிவிட்டாள். அன்றைக்கு மூன்று பேரும் பெட்ரோல் வாசனையோடு இட்லி தின்றார்கள். "சட்னி நல்லாருந்தா ஒண்ணும் தெரியல" என்று சொல்லி நாலு தின்றவர் ரோஸியின் புருஷன் தனசீலன் ஒருத்தர்தான்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது 'தனசீலன் ஆட்டோ ஒர்க்ஸ்'. போர்டில் இருப்பது அவர் பெயர் மட்டும்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் கடைக்குள் முழங்கால் தண்ணீர் ஏற, சாக்கு நிறைய சாமான்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்போது ரோஸி ஜரிகை வேலைக்காரர்களிடம் துணி வாங்கிவந்து வீட்டிலிருந்தே ஜிகினா தைத்துக்கொண்டிருந்தாள். ஈர சாமான்களைத் துடைத்துக் காயவைக்கும்போது, ஒரு ஜெட்டின் கண் அடைத்திருப்பதைப் பார்த்துத் தையல் நைலானை உள்ளே விட்டு உருவி எடுத்தாள். தனசீலனுக்குக் கம்பியால் குத்தித்தான் பழக்கம். கம்பி குத்தினால் கண் பெரிதாகிவிடும், நைலான் குத்தினால் ஆகாது. அந்த வண்டி அதுவரைக்கும் ஓடாத மாதிரி ஓடியது. மறுநாள் இன்னொரு கார்பரேட்டரைக் கொண்டுவந்தார். அதற்கு மறுநாள் இரண்டு. ஜிகினா நின்றுபோனது. இதை யாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கவில்லை.

வண்டிக்காரர்கள் கேட்டால், "உள்ள குடுத்து கிளீன் பண்ணி வாங்கிருக்கேன்" என்பார் தனசீலன். உள்ளே என்றால் எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

ரோஸிக்கு இன்னொரு வேலையும் கூடவே வந்து சேர்ந்தது. தயாரான வண்டிக்குப் பொட்டு வைப்பது. தனசீலன் வீட்டார் மூன்று தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் வண்டி கொடுப்பவர்களில் பாதிப்பேர் ஊர்ப்பக்கத்து நாடார் கடைக்காரர்கள், மீதிப்பேர் மராட்டிக்காரர்கள். வண்டி கைக்கு வரும்போது ஒரு சந்தனமும் குங்குமமும் இருந்தால் அவர்கள் முகமே வேறு மாதிரி ஆகிறது. "நாம மெக்கானிக்கு வேலை செய்யுதோமா, பூசாரி வேலை செய்யுதோமா?" என்று தனசீலன் முதலில் முனகினார். ரோஸி, "சந்தோஷமா போறவன் திரும்பி வருவான்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வைப்பது எப்போதும் பெட்ரோல் டேங்க் மூடியின் நடுவில். நெற்றி மாதிரி அதுதான் கண்ணுக்கு நேரே தெரியும் இடம்.

போன வருஷம் தங்கபாண்டி அண்ணாச்சி ஒரு குறை சொன்னார். செம்பூரில் மளிகைக்கடை வைத்திருப்பவர், தனசீலனுக்கு இருப்பதிலேயே பெரிய வாடிக்கை. "தங்கச்சி, நீங்க வைக்கிற பொட்டு பன்வேல் போறதுக்குள்ள உதிர்ந்துருது. வீட்ல பிச்சம்மாள் அதைப் பார்த்துட்டு அபசகுனம்னு ஒரு பாட்டம் அழுதா" என்றார். ரோஸிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஜெட்டில் ஒரு தூசி நிற்க விடாதவள், பொட்டு மட்டும் உதிரும்படி வைப்பாளா? கடைச் சந்தனப் பொடியில் தண்ணீருக்குப் பதிலாக, இன்ஜினுக்கு நடுவே ஒட்டும் கேஸ்கெட் பசையை ஒரு சொட்டு விட்டுக் குழைத்துப் பார்த்தாள். அரைமணியில் கல்லாகிவிட்டது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. பெட்ரோல் பட்டாலும் கரையவில்லை.

"இந்தப் பசை ட்யூபு ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருது?" என்று தனசீலன் ஒருநாள் கேட்டார்.

"நீங்கதான் கண்டமேனிக்குப் பிதுக்குதீங்க" என்றாள் ரோஸி.

தங்கபாண்டிக்கு மளிகைக்கடை தவிர அலிபாக் பக்கத்துக் கடற்கரையில் ஒரு பக்கத் தொழில் இருந்தது. நாலு பலூன் டயரும் பைக் ஹேண்டிலும் வைத்த மணல் வண்டிகள் ஆறு. ஏடிவி என்பார்கள். சனி ஞாயிறு பம்பாயிலிருந்து வருகிற ஜோடிகளும் குடும்பங்களும் ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து அலையோரமாகச் சத்தம் போட்டுக்கொண்டு ஓட்டும். மழைக்காலம் முடிந்து சீசன் தொடங்குமுன் ஆறும் தாராவிக்கு வந்து சர்வீஸ் ஆகிப் போகும். தனசீலனுக்கு அந்த ஆறு வண்டிதான் வருஷத்தில் பாதி வேலை.

ஐந்து வண்டிகள் ஒரே மாதிரி. ஆறாம் நம்பர் மட்டும் தனிப் பிறவி. அதன் சொந்த இன்ஜினை உப்புக்காற்று தின்றுவிட்டது. இந்த மழைக்காலத்தில்தான் தனசீலன் அதில் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கின் இன்ஜினை ஏற்றி, பெரிய கார்பரேட்டர் போட்டு, வயிறு புடைத்த சைலன்சர் ஒன்றை வெல்டு வைத்து, டேங்க்கைக்கூட மூடியோடு அந்தப் பழைய பைக்கிலிருந்தே எடுத்து உட்காரவைத்தார். திருகினால் கரகரவென்று அலறும். வருகிற பொடிசுகளெல்லாம் அதைத்தான் கேட்கும்.

சீசன் தொடங்கி எட்டாம் நாள் ஆறாம் நம்பர் ஜாம். முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு, பின்சக்கரம் இரண்டும் அப்படியே நின்றுவிட்டது. ஓட்டியவர் மணலில் உருண்டு எழுந்து சிரித்ததால் போயிற்று. தனசீலன் புதுப் பிஸ்டன் போட்டார். ரோஸி கார்பரேட்டரை மறுபடி கழற்றி, ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிக் கொடுத்தாள். பொட்டும் புதிதாக வைத்தாள். வண்டி போயிற்று. போய்ப் பத்தாம் நாள் மறுபடியும் ஜாம்.

இரண்டாம் தடவை சிலிண்டரைத் திறந்தபோது பிஸ்டனின் பக்கவாட்டில் பூனை பிறாண்டியதுபோலக் கோடுகள். தனசீலன் அதை அப்படியே வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த ரோஸியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பெட்ரோல் பத்தலட்டி. காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. டூ-ஸ்ட்ரோக்குல எண்ணெயே பெட்ரோலோட கலந்துதான் உள்ள போவணும். அது கொறஞ்சா இதுவும் கொறஞ்சு, இப்படித்தான் கவ்வும்."

"எனக்கே பாடம் எடுக்காதீங்க. கடையில ஓட்டிப் பாத்தீங்கள்ல? என்ன சொல்லிச்சு?"

"கடையில நல்லாத்தான் ஓடுச்சு."

கடையில் ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கார்பரேட்டரை எட்டுவதற்காக டேங்க்கைக் கழற்றி வைத்துவிடுவார்கள். மேலே ஆணியில் ஆஸ்பத்திரி குளுக்கோஸ் மாதிரி ஒரு பாட்டிலில் பெட்ரோல் தொங்கும்; அதிலிருந்து டியூப் வழியாக இறங்கும். இன்ஜின் மணி மணியாக ஓடும். பிறகு டேங்க்கை மாட்டி, கல்லி என்கிற சந்துக்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு ஓட்டம். அதற்குமேல் ஓட்ட தாராவியில் இடம் ஏது? எதிரே ஒரு கைவண்டி வந்தால் பிரேக் போட வேண்டியதுதான்.

"அப்பம் ஜெட்டு சரியாத்தான் இருக்கு" என்றாள் ரோஸி.

"ரெண்டு பிஸ்டன் போயிருக்கு, ரோஸி." தனசீலன் கை கழுவப் போனார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, முகத்தைக் காட்டாமல் சொன்னார்: "மாஹிம்ல ஷேக் பரீத் இருக்கான். மெஷின் வச்சு ஜெட்டைக் கழுவுதான். இனிமே கார்பரேட்டரை அங்கன அனுப்பிரலாம்னு பாக்கேன். உனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்லேல்ல."

ரோஸிக்கு ஐம்பது முடியவில்லை. கண்ணாடி போட்டிருக்கிறாள், அது வேறு. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். பன்னிரண்டு வருஷமாக இந்தத் தரையில் எத்தனை கார்பரேட்டர். ஒன்றாவது திரும்பி வந்ததுண்டா? அதைக் கேட்கவில்லை. கேட்டால் இல்லையென்று அவர் சொல்வார், ஆனாலும் அனுப்புவார்.

"இந்த ஆறாம் நம்பரை மட்டும் நானே முடிச்சுத் தாரேன். மண்ணுல ஓடுறதை நான் பாக்கணும். என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"அங்க நீ வந்து என்ன செய்யப் போற?"

"நீங்க என்ன செய்வீங்களோ அதை."

பக்கத்தில் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்த கிளாரா தலையைத் தூக்காமலே, "பப்பா, லே ஜாவோ நா, கூட்டிட்டுப் போங்க. மம்மி கடலைப் பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றாள்.

"கடலைப் பாக்கவா கேக்கேன்!" என்றாள் ரோஸி.

அந்த வெள்ளிக்கிழமை இன்னொரு பிஸ்டன் போட்டு, வண்டிக்குப் பொட்டு வைத்து டெம்போவில் ஏற்றினார்கள். தங்கபாண்டி போனில் சொன்னதைத் தனசீலன் அப்படியே ஒப்பித்தார்: இன்னொரு தடவை ஜாம் ஆனால் ஆறு வண்டியையும் அலிபாக்கிலேயே ஒரு மராட்டிக்கார மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவேன், அவன் பக்கத்திலேயே இருக்கிறான். மறுநாள் காலை ஆறு மணிக்கே கிளம்பினார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் தனசீலன், ஓரத்தில் ரோஸி. மடியில் ஒரு துணிப்பை. அதில் இட்லித் தட்டு, ஐந்து சைஸ் ஜெட், ஒரு புது ஸ்பார்க் பிளக், தையல் ஊசி, நைலான்.

கடற்கரையில் அலை இறங்கி மணல் இறுகிக் கிடந்தது. தங்கபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் வெயிலுமுத்து. வண்டிகளுக்குப் பெட்ரோல் ஊற்றி, எண்ணெய் கலந்து, வருகிறவர்களுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுப்பவன் அவன்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெண்டாட்டி பிள்ளைகள் விக்ரோலியில். இவன் சீசன் முழுக்க இங்கே வண்டிக் கொட்டகையில்.

"வாங்க தங்கச்சி. கார்பரேட்டர் டாக்டர் நீங்கதானா? இத்தனை நாள் இவரு சொல்லவே இல்லையே" என்றார் தங்கபாண்டி.

தனசீலன் கடலைப் பார்த்தார்.

ரோஸி சேலையைச் செருகிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஸ்டார்ட் செய்து சூடேறவிட்டாள். காற்று ஸ்க்ரூவை மெல்ல மூடி, பிறகு ஒன்றரைச் சுற்றுத் திறந்து, இன்ஜின் எந்த இடத்தில் திணறாமல் நிற்கிறது என்று காதால் பிடித்தாள். கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. பிறகு வெயிலுமுத்துவிடம், "தம்பி, புதுப் பிளக் போடுதேன். முழுசாத் திருகிட்டு ரெண்டு நிமிஷம் போங்க. திரும்பி வர்றப்ப மெல்லமாக்க வேண்டாம். ஓடிக்கிட்டிருக்கும்போதே சுவிட்சை அமத்தி, கிளச்சைப் பிடிச்சு அப்படியே நில்லுங்க" என்றாள்.

"ஏன் அக்கா?"

"மெல்லமாக்கினா பிளக் பொய் சொல்லும்."

அவன் போய், சொன்னபடியே நின்றான். இன்ஜின் அலறிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தியதால் அந்த நேரத்து நிறம் பிளக்கின் நுனியில் அப்படியே இருந்தது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கருத்திருந்தால் மிஞ்சிவிட்டது. ரோஸி கழற்றி வெயிலில் காட்டினாள். வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.

தனசீலன் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். தங்கபாண்டி பக்கம் திரும்பி நிமிர்ந்து நின்றுகொண்டார். "அண்ணாச்சி, செட்டிங் பக்கா. நீங்களே பாருங்க."

"அப்பம் ஏன்வே ஜாம் ஆவுது?" தங்கபாண்டியின் பார்வை வெயிலுமுத்துவின் பக்கம் போயிற்று. "எனக்கு ரெண்டு நாளாவே ஒரு நெனப்பு. முத்து, எண்ணெய் கலக்குதியா இல்லையா?"

"என்ன அண்ணாச்சி கேக்கிய? கலக்காம ஓட்டுவனா?"

"ரெண்டு லிட்டர் டப்பா எப்படி நாலு நாள்ல காலியாவுது? எண்ணெயை வித்துத் தின்னுட்டு வெறும் பெட்ரோலை ஊத்துனா பிஸ்டன் கவ்வத்தானே செய்யும்?"

"ஓட்டிப் பாப்போம் அண்ணாச்சி" என்று ரோஸி குறுக்கே விழுந்தாள். "டேங்க்கை நிறைச்சிட்டு, பத்து நிமிஷம் நிக்காம ஓடட்டும். ஜாம் ஆனது அப்படி ஓடும்போதுதானே?"

வெயிலுமுத்து எல்லார் கண்ணுக்கும் முன்னால் டப்பாவிலிருந்து எண்ணெய் அளந்து, பெட்ரோலில் கலந்து, டேங்க்கை நிறைத்து மூடினான். ஏறிப் போனான். அலையோரமாக அந்தக் கோடிவரை போய்த் திரும்பி, மறுபடி போனான். ரோஸி நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம்வரை சத்தம் கெட்டியாக இருந்தது. ஏழாவது நிமிஷம் அதில் ஒரு சன்னம் ஏறியது. கொதிக்கிற பாலில் தண்ணீர் ஊற்றியதுபோல உடம்பு குறைந்து, கீச்சென்று மெலிந்தது.

"நிறுத்துங்க! முத்து தம்பி, கிளச்சைப் பிடி, கிளச்சை!" கையை ஆட்டிக்கொண்டு ஈர மணலில் ஓடினாள்.

அவன் பிடித்துவிட்டான். இன்ஜின் தானாகவே இருமி அடங்கியது. கவ்வவில்லை, இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் கவ்வியிருக்கும். தனசீலன் பிளக்கைக் கழற்றினார். சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. சற்று முன்னால் காப்பிக்கொட்டையாக இருந்த அதே பிளக்.

"பாத்தியாவே!" தங்கபாண்டி வந்து சேர்ந்தார். "எண்ணெய் இல்லாத வேலைதான். எங்க கண்ணு முன்னால டப்பாவுல இருந்து ஊத்துனியே, அதுல என்னத்த ஊத்தி வச்சிருக்க? தண்ணியா?"

"அண்ணாச்சி, இதுக்கு மேல பேசாதீங்க. ஆறாம் நம்பர் நாள் முழுக்க ஓடினா டப்பா தீரத்தானே செய்யும். இந்தா பாருங்க நிறத்தை!" வெயிலுமுத்து வண்டிப் பக்கம் பாய்ந்தான். எண்ணெய் கலந்தால் பெட்ரோல் பச்சையாகத் தெரியும். அதைக் காட்ட டேங்க் மூடியைத் திருகினான்.

'உஸ்ஸ்' என்றது.

ஆண்கள் மூன்று பேரும் டேங்க்குக்குள் எட்டிப் பார்த்து, பச்சையா, இந்தப் பச்சை போதுமா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ரோஸி காதில் மட்டும்தான் விழுந்தது. காற்று வெளியே வந்த சத்தமில்லை. உள்ளே போன சத்தம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். சூட்டோடு சோற்றை அடைத்து இறுக்கி மூடிய டிபன் டப்பா, மத்தியானம் எத்தனை இழுத்தாலும் வராது. ஸ்பூனை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் இப்படித்தான் உஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டு திறக்கும்.

டேங்க்குக்குள் காற்று போகவில்லை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோலும் இறங்காமல் தொங்கி நிற்கும். கடையில் தொங்கும் பாட்டிலுக்கு மூடியே கிடையாது. கல்லிக்குள் ஓட்டுவது அரை நிமிஷம். மற்ற ஐந்து வண்டிக்கும் காற்றுக்கென்று தனி டியூப் இருக்கிறது, கடைக்கு வருகிற பைக்குகளுக்கு மூடி ஓரத்தில் வழி இருக்கிறது. இந்தப் பழைய பைக் மூடிக்கு மட்டும் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை.

வெயிலுமுத்துவின் கையிலிருந்து மூடியை வாங்கினாள். உட்பக்கம் ஓட்டை தெரிந்தது. வெயிலுக்கு நேரே பிடித்தாள். வெளிச்சம் வரவில்லை. திருப்பினாள். மஞ்சள் வட்டம், நடுவில் குங்குமம். உப்புக்காற்றுக்கும் பெட்ரோலுக்கும் ஒரு கீறல்கூட விழாமல் அத்தனை அழகாக உட்கார்ந்திருந்தது.

ரோஸிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"சாவியைக் குடுத்துட்டு விக்ரோலிக்குக் கெளம்பு" என்று தங்கபாண்டி சொல்லிக்கொண்டிருந்தார். "கணக்கை கடைக்கு வந்து முடிச்சுக்க."

"அண்ணாச்சி சொல்றதும் சரிதான் முத்து" என்றார் தனசீலன். அவர் குரலில் இத்தனை நாளாக இல்லாத ஒரு தெம்பு இருந்தது. "செட்டிங்ல தப்பில்லன்னு இப்ப எல்லாரும் பாத்தாச்சு. அப்பம் வேற என்னவா இருக்க முடியும்?"

ரோஸியின் பையில் ஊசி இருந்தது. கடல் பக்கம் திரும்பி நின்று மூடியைத் துடைப்பதுபோல ஒரு குத்துக் குத்தினால் போதும். வண்டி இனி ஓடும். ஜெட்டில் குற்றமில்லை என்று எல்லாரும் சொல்லியாகிவிட்டது. ஷேக் பரீத் மாஹிமிலேயே இருப்பான். எண்ணெய் திருடியவன் போனதும் ஆறாம் நம்பர் சரியாகிவிட்டது என்று தங்கபாண்டி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதுவும் பொருந்தித்தான் வரும். அவள் கட்டைவிரல் நகம் பொட்டின் ஓரத்துக்குப் போய்விட்டது.

வெயிலுமுத்து இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஆறு சாவியும் ஒரே கயிற்றில். முடிச்சு வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தான்.

"அண்ணாச்சி, எண்ணெய் இருக்கு" என்றாள் ரோஸி. "முத்து தம்பி மேல தப்பில்ல. மூடி அடைச்சிருக்கு. அடைச்சது நான்."

மூன்று பேரும் திரும்பினார்கள். அவள் மூடியை நீட்டினாள்.

"பொட்டா?" என்றார் தங்கபாண்டி. "பொட்டு வச்சா வண்டி நிக்குமா தங்கச்சி? ஊரு உலகத்துல எத்தனை வண்டிக்குப் பொட்டு வைக்காங்க."

"அதெல்லாம் உதிர்ந்துரும். உதிருதுன்னு நீங்க சொன்னீங்கள்ல. இதுல நான் கேஸ்கெட் பசை கலந்தேன்."

தனசீலன் கை நீட்டிப் பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தீர்ந்துபோன ட்யூப்கள் எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயின.

"காத்து ஓட்டை இந்தப் பொட்டுக்குக் கீழ இருக்கு. ரெண்டு பிஸ்டனும் என் கையாலதான் போச்சு" என்றாள். பிறகு மணலில் உட்கார்ந்து, ஊசியால் ஓரத்தை நெம்பிக் குங்குமத்தின் நடுவில் ஒரு கண் திறந்தாள். வெயிலுக்குப் பிடித்தாள். இந்தத் தடவை புள்ளி வெளிச்சம் வந்தது.

அதே பெட்ரோல், அதே எண்ணெய், அதே ஜெட். வெயிலுமுத்து ஏறிப் போனான். பத்து நிமிஷம் ஓடியது, பதினைந்து ஓடியது, சத்தம் மெலியவில்லை. ரைடு வந்த நாலு பேர் அதைப் பார்த்துவிட்டு, அந்த வண்டிதான் வேண்டுமென்று கொட்டகைப் பக்கம் வந்துவிட்டார்கள். பிளக் மறுபடி காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது.

தங்கபாண்டி வெகுநேரம் தாடையைத் தடவினார். வெயிலுமுத்துவிடம் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற ஆளில்லை. டீக்கு ஆள் அனுப்பி, வந்த முதல் கிளாஸை அவனிடம் நீட்டினார். சாவிக்கொத்தைத் திருப்பி வாங்கவும் இல்லை. பிறகு ரோஸியிடம் குரலை இறக்கி, "பிச்சம்மாள்கிட்ட இதைச் சொல்லிராதீங்க. பொட்டால வண்டி கெட்டுச்சுன்னா ஒரு வருஷத்துக்கு விரதம் இருப்பா" என்றார்.

"பொட்டு வைக்காமலே குடுத்துரட்டுமா அண்ணாச்சி?"

"அது எப்படி? ஹெட்லைட்டுல வைங்க."

டீயைக் குடித்து, போனும் பேசிவிட்டு வெயிலுமுத்து ரோஸி பக்கம் வந்தான். அவள் ஜெட்டுகளைத் தட்டிலிருந்து பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொட்டுக்கு என் பொழப்பு போக இருந்துச்சு அக்கா."

"ஆமா தம்பி."

"இப்பம் போன்ல அண்ணாச்சி சந்தேகப்பட்டதைச் சொன்னா, எங்க வீட்டுக்காரியே கேக்கா, எண்ணெயை நிசமாவே விக்கலல்லன்னு."

ரோஸி பையைக் கீழே வைத்தாள். "நான் வேணா பேசட்டுமா அவகிட்ட?" என்றாள். அவன் யோசித்தான். பிறகு நம்பரைப் போட்டுப் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்க் கடலைப் பார்த்து நின்றுகொண்டான். முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் கேஸ்கெட் பசையைப் பற்றி ரோஸி ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கம், "அய்ய, பொட்டா?" என்று ஒரு சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒரு மூக்கு உறிஞ்சல்.

திரும்பும்போது பன்வேலில் தனசீலனுக்குப் பசித்தது. அங்கே டெம்போவை நிறுத்தி வடாபாவ் வாங்கினார்கள். முதல் கடியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புரை ஏறிக் கண்ணில் தண்ணீர் வழிய, "கேஸ்கெட் பசை!" என்றார். "கண்டமேனிக்குப் பிதுக்குதீங்கன்னு என்னையச் சொன்னியேட்டி!"

ரோஸி சிரிக்கவில்லை. "மாஹிமுக்கு அனுப்பப் போறீங்களா இல்லையா? அதை இப்பவே சொல்லிருங்க."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். டெம்போ டிரைவர் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதும் அவருக்குத் தெரியும்.

"ஜெட்டு சரியாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு மீதி வடாபாவைத் தின்று முடித்தார்.

மாஹிமுக்கு எதுவும் போகவில்லை. ஆனால் கதை முழுவதும் கல்லிக்குள் பரவிவிட்டது, தனசீலனே பரப்பினார். இப்போது எந்த வண்டி டெலிவரிக்கு நின்றாலும், டேங்க்கை மாட்டிக் கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் கொடுக்கிறார். ரோஸி சந்தனக் கிண்ணத்தோடு வந்தால் பத்து பேருக்கு முன்னால், "அம்மா வந்தாச்சு, மூடியெல்லாம் மூக்கைப் பொத்திக்கோங்க" என்கிறார். வண்டிக்காரர்கள் சிரிக்கிறார்கள். ரோஸி அவரைப் பார்க்காமல் ஹெட்லைட்டில் பொட்டை வைத்துவிட்டு வருகிறாள். தண்ணீரில் குழைத்த சந்தனம்தான். உதிர்ந்தால் உதிரட்டும்.

சாயங்காலம் தனசீலன் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவரும் கார்பரேட்டரோடு டேங்க் மூடியும் வருகிறது, யாரும் கேட்காமலே. இட்லித் தட்டின் குழிக்கு அது பெரிது. ரோஸி அதை ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுப் பெட்ரோலில் ஊறவைத்துவிட்டு, குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்வரை ஜெட்டை முடிக்கிறாள். பிறகு ஊசியை எடுக்கிறாள்.